அண்டை மலையின் அறியாத உயிர்கள்

மதுரையிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் கிருஷ்ணன்கோவிலைக் கடக்கும் எவரும், மேற்கே நெடுஞ்சுவர்போல் நிற்கும் மலைத்தொடரைக் காணாதிருக்க இயலாது. அங்கிருந்து வத்திராயிருப்புக்குப் பிரியும் சாலை அம்மலையின் அடிவாரத்தை நோக்கியே செல்கிறது. மழை பெய்தால் அம்மலையைப் பார்க்கிறோம். பெய்யாவிட்டாலும் அதனையே பார்க்கிறோம். ஆயினும் அம்மலையில் வாழ்வோர் யாவர் என்று நாம் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் கமாலுத்தீன் தமீரி அவர்களின் விலங்கு நூலிலிருந்து ஒரு பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். அகரவரிசையில் அமைந்த அந்நூல் சிங்கத்தில் தொடங்குகிறது. சிங்கத்திற்கு அரபு மொழியில் வழங்கும் எண்ணற்ற பெயர்களை மாணவர்கள் ஆர்வத்துடன் குறித்துக்கொண்டனர். பாடம் முடிந்தபின், “நம் மலையில் வனத்துறை அமைத்துள்ள சரணாலயம் எந்த விலங்கின் பெயரால் அமைந்தது?” என்று கேட்டேன். ஒருவர் யானை என்றார். மற்றொருவர் புலி என்றார். அணில் என்று எவரும் சொல்லவில்லை. நேரில் கண்டிராத சிங்கத்திற்குப் பத்துப் பெயர் அறிந்த நாம், அண்டையில் வாழும் உயிரின் ஒரு பெயரையும் அறியாதிருக்கிறோம். அன்று எழுந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஓர் அணிலின் பெயரால் ஒரு காடு

முற்றத்தில் ஓடித் திரியும் முதுகில் வரியுடைய அணிலை நாம் அறிவோம். திருவில்லிபுத்தூர் மலையில் வாழும் சாம்பல் நிற அணில் அதனின்றும் முற்றிலும் வேறானது. தலை முதல் வால் நுனி வரை அளந்தால் ஏறத்தாழ இரண்டரை அடி நீளம் வரும். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் இருக்கும். உடலின் நீளத்திற்குக் குறையாத வால் உடையது. ‘பெருவால் உடையது’ என்று பொருள்படும் ‘மாக்ரூரா’ என்னும் சொல்லே அதன் அறிவியற் பெயரில் இடம்பெற்றுள்ளது. கபில நிற மயிரின் நுனிகளில் வெண்மை படிந்திருப்பதால், நரை கண்ட முதியவரின் தலைபோல் அதன் உடல் தோன்றும். அதனாலேயே நரை அணில் என்றும் வழங்கப்படுகிறது.

இவ்வணில் உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. தமிழகத்தில் இம்மலைத் தொடரிலும் பழனிமலை, ஆனைமலை, காவிரிக் கரைக் காடுகளிலும், கேரளத்தில் சின்னாறு வனப்பகுதியிலும் காணப்படுகிறது. இந்தியாவில் வாழும் பிரிவுக்கு அறிவியலார் இட்ட ‘தண்டோலேனா’ என்னும் பெயர், ‘தண்டு லேனா’ என்ற சிங்களப் பெயரிலிருந்து வந்தது. பாக்கு நீரிணையின் இருகரையிலும் வாழும் தமிழ் முஸ்லிம்களைப்போல் இவ்வணிலும் இருகரைக்கும் உரியது.

இதன் வாழ்க்கை முழுவதும் மரத்தின் மேலேயே கழிகிறது. கனி, விதை, மரப்பட்டை, பூச்சி ஆகியவற்றை உண்ணும். சுள்ளிகளையும் இலைகளையும் கொண்டு உயர்ந்த மரத்தின் உச்சியில் பந்துபோன்ற கூடு கட்டும். ஒரு கூட்டோடு நில்லாமல் பல கூடுகளைக் கட்டி வைத்துக்கொள்ளும். அண்டை மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும் இடத்தையே கூட்டிற்குத் தேர்ந்தெடுக்கிறது. பகை வந்தால் தரையில் இறங்காமல் கிளைவழியே தப்பிச் செல்ல வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

இங்கேதான் அதன் உயிருக்கான சிக்கலும் உள்ளது. இவ்வணிலுக்குக் காடு என்பது மரங்களின் எண்ணிக்கை அன்று. மரங்களுக்கு இடையேயுள்ள தொடர்ச்சியே காடு. நூறு மரம் உள்ள தோப்பில் நடுவே பத்து மரங்களை வெட்டினால், எஞ்சிய தொண்ணூறும் அணிலுக்கு இரண்டு தீவுகளாகிவிடும். ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லத் தரையில் இறங்கும் அணில் நாய்க்கும் சிறுத்தைக்கும் இரையாகும். செண்பகத்தோப்புப் போன்ற அடிவாரப் பகுதிகளில் காட்டை ஒட்டித் தனியார் மாந்தோப்புகளும் புளியமரங்களும் உள்ளன. இவ்வணில்கள் அங்கும் வருகின்றன. ஆகவே இவற்றின் வாழ்வு வனத்துறையின் கையில் மட்டுமில்லை. தோப்புக்காரர் கையிலும் உள்ளது.

தமிழக அரசு 1988ஆம் ஆண்டில் இவ்வணிலின் பெயரால் சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் சரணாலயத்தை நிறுவியது. இம்மலையில் இவ்வணிலின் நிலையை ஆராய்ந்து ஜோஷ்வா, ஏ. ஜே. டி. ஜான்சிங் ஆகியோர் எழுதிய ஆய்வுரை 1994இல் வெளிவந்தது. மரம் வெட்டுதல் முதலிய மனிதச் செயல்கள் இவ்வணிலை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை அது எடுத்துரைத்தது. இந்தியக் காட்டுயிர் ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான ஜான்சிங், சிவகாசியிலுள்ள அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராகத் தம் பணியைத் தொடங்கியவர். நம் மாவட்டத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் நம் மலையின் உயிர்களை நாடு அறியச் செய்தார் என்பது ஆசிரியப் பணியிலுள்ள எம்போன்றோர் நினைவில் கொள்ளத்தக்கது.

அணிலுக்கென ஒதுக்கிய காட்டினால் பயன்பெற்றது அணில் மட்டுமன்று. யானையும் வரையாடும் சிறுத்தையும் அதன் நிழலில் காப்புப் பெற்றன. 2021 பிப்ரவரியில் இச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைக்கப்பட்டுத் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் உருவானது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அக்காப்பகம் தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகமாகும். பிளவக்கல் அணைகளுக்கு நீர் தரும் ஓடைகள் இம்மலையில்தான் பிறக்கின்றன. வைகையின் பிறப்பிடமும் மேகமலைப் பகுதியிலேயே உள்ளது. புலியின் பெயர் சூட்டப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அக்காட்டைக் காக்கக் காரணமாய் இருந்தது ஓர் அணில்.

மண்ணுக்குள் வாழும் தவளை

அணிலாவது பகலில் கிளைமேல் தென்படும். இதே மலையின் கீழ்ச்சரிவில், ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் தவளை ஒன்று வாழ்கிறது. ஊதிப் பெருத்த உடல், அதற்குப் பொருந்தாத சிறிய தலை, கூரிய மூக்கு, குறுகிய கால்கள், கருமை கலந்த ஊதா நிறம் என அதன் தோற்றமே விந்தையானது. மண்ணைத் தோண்டுவதற்கேற்பப் பின்னங்கால்களில் மண்வெட்டிபோன்ற புடைப்பு உண்டு. மண்ணுக்கு அடியிலேயே கறையானைத் தின்று வாழ்கிறது. மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்திற்காக வெளியே வருகிறது.

இவ்வகைத் தவளையை அறிவுலகம் அறிந்த வரலாறும் வியப்புக்குரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதன் தலைப்பிரட்டையை விலங்கியலார் வருணித்திருந்தனர். வளர்ந்த தவளை எது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. 2003ஆம் ஆண்டில்தான் எஸ். டி. பிஜு, பிராங்கி பொசூட் ஆகிய இருவரும் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த தவளையைப் புதிய குடும்பமாகவே அறிவித்தனர். இன்று வாழும் உயிர்களுள் இதன் நெருங்கிய உறவு, இந்தியப் பெருங்கடலின் நடுவே செஷல்ஸ் தீவுகளிலுள்ள சிறு தவளைகளாகும். இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலப்பரப்பாய் இருந்த காலத்து உறவு அது.

திருவில்லிபுத்தூர்ச் சரணாலயத்தை ஒட்டிய பகுதியில் கிடைத்த தவளை வேறோர் இனம் என்பது 2017இல் வெளியான ஆய்வில் நிறுவப்பட்டது. கேரளத்துத் தவளை தென்மேற்குப் பருவமழையில் முட்டையிடுகிறது. நம் பக்கத்துத் தவளையோ வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. மலையின் இருபுறமும் மழை வரும் காலம் வேறாதலால், அதனை நம்பி வாழும் உயிரின் காலக்கணக்கும் வேறாயிற்று. ஐப்பசி மழையை எதிர்நோக்கும் நம் உழவரைப் போன்றதே இத்தவளையும்.

இப்புதிய இனத்திற்குப் பூபதி என்னும் அறிஞரின் பெயர் சூட்டப்பட்டது. கோவையிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தில் ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்வனவற்றையும் ஆராய்ந்து வந்த அவர், 2014ஆம் ஆண்டில் அகத்தியமலைப் பகுதியில் களஆய்வின்போது நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார்.

இதன் தலைப்பிரட்டைகள் பாயும் ஓடையின் பாறைகளில் வாயால் ஒட்டிக்கொண்டு சில மாதங்கள் வளர்கின்றன. ஓடை இடையில் வற்றினால் அவ்வாண்டின் தலைமுறையே அழியும். நீரை மறித்தாலும் திருப்பினாலும் மண்ணுக்குள் இருக்கும் தாய்த்தவளை முறையிட வராது.

இகழ்ச்சிப் பெயராகிவிட்ட உயிர்

பெயர் அறியப்படாமை ஒருவகைத் துன்பம் எனில், பெயர் இகழ்ச்சியாக வழங்குவது மற்றொருவகைத் துன்பம். மெலிந்த உடலும் பெரிய கண்களும் உடைய ஒருவரைத் ‘தேவாங்கு’ என்று ஏசுவது நம் வழக்கத்தில் உண்டு. ஏசுவோரில் பெரும்பாலோர் தேவாங்கைக் கண்டதில்லை.

கால் கிலோவே எடையுள்ள இச்சிறு விலங்கு குரங்கினத்திற்குத் தொலைவுறவு. பகலில் மரக்கிளையில் சுருண்டு உறங்கி, இரவில் ஓசையின்றி நகர்ந்து பூச்சிகளைப் பிடித்து உண்ணும். அதன் பெரிய கண்கள் இரவின் சிற்றொளியைத் திரட்டுவதற்காக அமைந்தவை. தாய் இரைதேடச் செல்லும்போது குட்டியைக் கிளையொன்றில் விட்டுச் செல்லும். குட்டி அசையாமல் அங்கேயே பற்றிக்கொண்டிருக்கும். பயிருக்குக் கேடு செய்யும் பூச்சிகளை உண்பதால் இது உழவருக்கு நண்பன்.

இதற்கு நாம் செய்த கைம்மாறு என்ன? கூண்டிலிட்டுச் சோதிடத்திற்குப் பயன்படுத்தினோம். மாந்திரீகத்திற்கும் மருந்துக்கும் என்று சொல்லிக் கண்ணையும் உறுப்பையும் பறித்தோம். 2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்கிற்கென அமைந்த நாட்டின் முதல் சரணாலயம் அதுவே.

அரபு இலக்கியம் பயில்வோர்க்கு இங்கே ஒரு பெயர் நினைவுக்கு வரும். பஸரா நகரில் வாழ்ந்து ஹிஜ்ரி 255இல் (கி.பி. 869) மறைந்த பேரறிஞர் ஜாஹிழ் அவர்களின் இயற்பெயர் அதுவன்று. துருத்திய கண்ணுடையவர் என்று பொருள்படும் பட்டப்பெயர் அது. தோற்றத்தால் ஏளனத்திற்கு ஆளான அவரே ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலை இயற்றினார். ஈ, எறும்பு, வண்டு போன்ற சிற்றுயிர்களும் சிந்தனைக்கு உரியன என்று அந்நூலில் பக்கம் பக்கமாக வாதிட்டார். திருமறையின் அத்தியாயங்களுள் தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயர் தாங்கியவை உண்டு என்பதை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை.

மருந்து என்னும் பெயரால்

எறும்புதின்னி என்றும் அழுங்கு என்றும் வழங்கும் விலங்கும் நம் தென்மாவட்டக் காடுகளுக்கும் புதர்நிலங்களுக்கும் உரியது. உடல் முழுதும் ஓடுபோல் செதில் போர்த்தியது. வாயில் ஒரு பல்லும் கிடையாது. நீண்ட நாக்கினால் எறும்பையும் கறையானையும் நக்கி விழுங்கும். உடன் விழுங்கிய சிறு கற்கள் இரைப்பையில் அவற்றை அரைத்துவிடும். அச்சமுற்றால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். சிறுத்தையும் அச்சுருளை எளிதில் பிரிக்க இயலாது. மனிதனோ அதனை அப்படியே சாக்கிலிட்டுத் தூக்கிச் சென்றுவிடுகிறான். பகையிடமிருந்து காத்த அரணே மனிதனிடம் பிடித்துக்கொடுக்கிறது.

செதிலை மருந்தென்று நம்பி அயல்நாடுகளுக்குக் கடத்துகின்றனர். நம் விரல் நகம் எப்பொருளால் ஆனதோ, அப்பொருளாலேயே எறும்புதின்னியின் செதிலும் ஆனது. வெட்டி எறிந்த நகத்தில் இல்லாத மருந்து அதன் செதிலிலும் இல்லை. ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும் விலங்காதலால், கொல்லப்பட்டவற்றின் இடத்தை நிரப்ப நெடுங்காலமாகும். 2016இல் ஜொஹன்னஸ்பர்க்கில் கூடிய பன்னாட்டு மாநாடு எறும்புதின்னியின் எல்லா இனங்களிலும் பன்னாட்டு வாணிகத்தைத் தடை செய்தது.

இவ்விடத்தில் நம் நூல் மரபைப்பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டியதொன்று உண்டு. ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) கெய்ரோவில் மறைந்த ஷாஃபிஈ சட்ட அறிஞர் தமீரி அவர்களின் ‘ஹயாத்துல் ஹயவானில் குப்ரா’ ஏறத்தாழ ஆயிரம் தலைப்புகளைக் கொண்டது. ஒவ்வொரு விலங்கின் கீழும் சொல்லாராய்ச்சி, இயல்பு, நபிமொழி, சட்டத் தீர்ப்பு, பழமொழி, கனவின் பலன் ஆகியவற்றை அவர் திரட்டித் தந்தார். அவற்றோடு ‘கவாஸ்’ என்னும் தலைப்பில் விலங்கின் உறுப்புகளுக்குரியனவாக அக்காலத்தார் நம்பிய மருத்துவக் குணங்களையும் சேர்த்தார். அது அவர் காலத்து மருத்துவ நூல்களின் பொதுவழக்கு. அதனை வரலாறாகப் படிக்கலாம். வைத்தியமாகப் படிப்பது தவறு. பழைய நூலில் உள்ளது என்பதற்காக ஒரு விலங்கின் கொழுப்பையும் எலும்பையும் தேடுவோர் இன்றும் உள்ளனர்.

அவர்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்டலாம். மருந்தில் தவளையைச் சேர்க்கலாமா என்று மருத்துவர் ஒருவர் வினவியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தவளையைக் கொல்ல வேண்டாம் எனத் தடுத்தார்கள் என்று அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியுள்ளது. கேட்டவர் மருத்துவர், காரணமும் மருந்து. அங்கேயும் அச்சிற்றுயிரின் உயிருக்கு மதிப்பளிக்கப்பட்டது.

பெயர் மாறினால் பழி மாறும்

மொழிபெயர்ப்பினால் இடருக்கு உள்ளான உயிரும் உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ‘உடும்பு பேசிய படலம்’ தமிழ் முஸ்லிம்கள் நன்கறிந்தது. அரபு மூலச் செய்திகளில் அவ்விடத்தில் வருவது ‘ளப்பு’ என்னும் பாலைவனப் பல்லி. அது முள்வாலுடையது, பெரும்பாலும் இலைதழைகளைத் தின்பது. நம் ஊர் உடும்போ ஊன் உண்ணும் வேறோர் இனம். உடும்பின் இனத்திற்கு அரபியில் ‘வரல்’ என்னும் தனிச்சொல் உண்டு. அரபு அகராதியாளர் இரண்டையும் பிரித்தே எழுதினர். புலவர் தமிழ்நிலத்தில் தெரிந்த உயிரின் பெயரை வைத்துப் பாடினார். காவியத்திற்கு அது தகும். ஆனால் ‘ளப்பு’ உண்பதைப் பற்றிய செய்திகளை மொழிபெயர்ப்பில் ‘உடும்பு’ என்று படித்துவிட்டு, நம் காட்டு உடும்புக்கும் அதனைப் பொருத்துவது பிழை. தேவாங்கு, எறும்புதின்னி, சாம்பல் நிற அணில் ஆகியவற்றைப் போலவே உடும்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதனை வேட்டையாடுவோர்க்கு மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

பெயர்களின் பயணத்தில் இனிய நிகழ்வுகளும் உண்டு. தமீரியின் நூலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஜெயகர் என்னும் இந்தியர். மஸ்கட்டில் பணியாற்றிய மருத்துவர். ஓமான் மலைகளில் வாழும் அரபு வரையாட்டின் அறிவியற் பெயரில் இன்றும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. அந்த ஆடும் நம் மலையுச்சியில் வாழும் வரையாடும் ஒரே இனத்தொகுதியைச் சேர்ந்தவை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இரண்டும் வெவ்வேறு தொகுதியின என்று காட்டியது. விலங்கை அதன் சரியான பெயரால் அறியும் பணி இன்னும் முடிந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று.

நம் கடமை

மேலே கூறிய உயிர்களுள் அணிலின் பெயர் அறியப்பட்டது. அதனால் ஒரு காடே காக்கப்பட்டது. தேவாங்கின் பெயர் இகழ்ச்சியாயிற்று. அழுங்கின் பெயர் மருந்தாயிற்று. உடும்பின் பெயர் மற்றொன்றின் பெயரோடு குழம்பிற்று. அம்மூன்றும் அதற்குரிய விலையைத் தம் உயிரால் செலுத்தின. தவளைக்கு 2017 வரை பெயரே இல்லை. ஓர் உயிரை உள்ளபடி அறிவதே அதற்கு நாம் செய்யும் முதல் உதவி என்பதை இவ்வேறுபாடு உணர்த்தும்.

இம்மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் பளியர் மக்கள் ஏட்டின் துணையின்றி இவ்வுயிர்களை அறிந்தவர்கள். ஏடு கற்ற நாம் அவர்களிடம் கேட்டறிய வெட்கப்பட வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருப்போர், கிளைகள் கைகோத்து நிற்கும் மரவரிசையின் நடுவே ஒரு மரத்தை வெட்டுமுன் அதன் உச்சியை அண்ணாந்து பார்க்கலாம். கூடு இருந்தால் அம்மரத்தை விட்டுவிடலாம். பிள்ளைகளைத் தேவாங்கு என்று ஏசுவதை நிறுத்தலாம். செதிலும் கொழுப்பும் விற்க வருவோரிடம் வாங்காதிருக்கலாம். வனத்துறைக்குத் தகவல் தரலாம்.

அன்று வகுப்பில் விடை தெரியாது நின்ற மாணவர்களை அடுத்த விடுமுறையில் செண்பகத்தோப்புக்கு அழைத்துச் சென்றேன். நெடுநேரம் காத்திருந்தோம். மாமரத்தின் உச்சியில் சாம்பல் நிற வால் ஒன்று கிளைக்கு வெளியே தொங்கியது. யாரும் பேசவில்லை. சிறிது நேரத்தில் அது அடுத்த மரத்திற்குத் தாவி, அங்கிருந்து அதற்கடுத்த மரத்திற்குத் தாவி, இலைகளுக்குள் மறைந்தது. திரும்பி வரும் வழியில் மாணவர் ஒருவர், தமீரியின் நூலில் இவ்வணில் உண்டா என்று கேட்டார். இல்லை, அவர் இம்மலைக்கு வந்ததில்லை என்றேன். “அப்படியானால் நாம்தான் எழுதவேண்டும் உஸ்தாத்” என்றார் அவர்.